மார்புல கட்டின்னா ஸ்கேன்ல எத பாக்குறாங்க?

வணக்கங்க. மார்புல கட்டி தட்டுப்படுதுன்னு போனா ஸ்கேன் எழுதி குடுப்பாங்க, ரிப்போர்ட் வந்ததும் எல்லாரும் கேன்சர்ங்கிற வார்த்தையத்தான் தேடுவாங்க, ஆனா அதுல பெரும்பாலும் பைராட்ஸ் 3, பைராட்ஸ் 4ஏன்னு, கட்டி மேல எவ்வளவு சந்தேகம்னு சொல்ற ஒரு நம்பர்தான் இருக்கும். அந்த நம்பர் எப்படி வருதுன்னு பாப்போம்.

30 வயசுக்கு கீழன்னா பொதுவா முதல்ல அல்ட்ராசவுண்ட்தான், கதிர்வீச்சே கிடையாது. கைய தலைக்கு மேல தூக்கிட்டு படுக்கணும், ஜெல் தடவி ப்ரோப வச்சு ஓட்டுவாங்க.

(திரையில: கருப்பு உருண்டை, அதுக்கு கீழ வெள்ளை பட்டை)

இது நீர்க்கட்டி. உள்ள சுத்த கருப்பு, சுவர் மெல்லிசு, தண்ணிக்குள்ள ஒலி அவ்வளவா குறையாம போறதால பின்பக்கம் பளிச்னு இருக்கு. பைராட்ஸ் 2, பயமில்ல.

கெட்டியா இருந்தாத்தான் கதையே. முதல் கேள்வி, கட்டி படுத்திருக்கா நிக்குதா? ஃபைப்ரோஅடினோமா மாதிரி சாதுக்கட்டி, அதாவது கேன்சர் இல்லாத கட்டி, சதை அடுக்கோட ஒட்டியே வளரும், மாங்கொட்டைய படுக்க வச்ச மாதிரி. அடுக்க கிழிச்சுக்கிட்டு செங்குத்தா நின்னா சந்தேகம். அப்புறம் ஓரம், வழவழன்னு இருக்கா இல்ல நண்டுக்கால் மாதிரி நாலாபக்கமும் நீளுதா, பின்னாடி கருநிழல் விழுதா.

1995ல ஸ்கேன் டாக்டர் ஸ்டாவ்ரோஸோட டீம் 750 கெட்டிக்கட்டிய இப்படித்தான் பிரிச்சாங்க, சாதுன்னு சொன்ன 426ல 2 மட்டும்தான் கேன்சரா போச்சு. அவங்க ரூல் கறாரானது, மத்ததெல்லாம் நல்லா இருந்தாலும் ஒரே ஒரு கெட்ட அடையாளம் போதும், சாது லிஸ்ட்ல இருந்து தூக்கிடுவாங்க. எனக்கு இந்த சந்தேகபுத்தி ரொம்ப பிடிக்கும்.

இப்ப நம்பருக்கு வருவோம். 3ன்னா கேன்சர் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல இல்ல, ஆறு மாசம் கழிச்சு திரும்ப பாப்பாங்க. 4ஏன்னா 2லருந்து 10, 4பி 50 வரை, 4சி 95 வரை, 5ன்னா அதுக்கும் மேல. 4ஏ பாத்துட்டு ராத்திரியெல்லாம் அழுறவங்க இருக்காங்க, பத்துல ஒன்பதுக்கு மேல ஒண்ணும் இருக்காதுங்க, ஆனா அதுக்காக பயாப்ஸிய, அதாவது கட்டியில துணுக்கு எடுத்து பாக்குற டெஸ்ட்ட, தள்ளிப்போடக்கூடாது.

இன்னொண்ணு, பொடிப்பொடி கால்சியம் புள்ளிய அல்ட்ராசவுண்ட் கோட்டை விடும், மார்புக்கு எடுக்குற எக்ஸ்ரேவான மேமோகிராம்தான் பிடிக்கும், அதனால ஒண்ணு எடுத்தாச்சே இன்னொண்ணு எதுக்குன்னு சண்டை போடாதீங்க.

பயாப்ஸின்னா மரத்துப்போக ஊசி போட்டுட்டு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே 14 கேஜ் (ஊசி பருமனோட அளவு) ஊசிய உள்ள விட்டு துணுக்கு எடுப்பாங்க. எடுக்கும்போது ஸ்டேப்ளர் அடிச்ச மாதிரி டக்குன்னு சத்தம் வரும், பதறி அசைஞ்சிடாதீங்க.