கண்டி: மூன்று பூசைக்கு நடுவே ஒரு பகல்

வணக்கம் நேயர்களே.

நம் மொரிஷியஸில், பாம்ப்ளமூஸ் பக்கம் பவுடர் மில்ஸ் என்ற இடத்தில் எஹலேபொல என்பவரின் கல்லறை இருக்கிறது. இலங்கையின் கண்டி அரசில் முதலமைச்சராக இருந்தவர். அரசனோடு பகைத்து வெள்ளையரிடம் சேர்ந்தார். பிறகு அந்த வெள்ளையரே சந்தேகப்பட்டு 1825-இல் அவரை இந்தத் தீவுக்கு நாடுகடத்தினார்கள். 1829-இல் இங்கேயே இறந்தார். கண்டிக்குப் போகிற மொரிஷியஸ்காரர்கள் முதலில் இந்தக் கல்லறையை ஒரு நடை பார்த்துவிட்டுப் போனால், அங்கே பார்க்கப்போகும் பாதிக் கதை கையில் இருக்கும்.

இனி பயணத்துக்கு வருவோம். கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீட்டர். ரோட்டில் மூன்று மணி நேரம் என்பார்கள். நான்கு என்று கணக்கு வையுங்கள். காலையில் கொழும்பில் புறப்பட்டு ஒரே நாளில் பார்த்துத் திரும்புவது வீண் அலைச்சல். முதல் நாள் இரவே போய் ஏரிக்குப் பக்கத்தில் தங்கிவிடுங்கள். காரணம், அந்த ஊரின் நாளை நடத்துவது தலதா மாளிகையின் மூன்று பூசைகள்: காலை ஐந்தரை, ஒன்பதரை, மாலை ஆறரை. புத்தரின் பல் இருக்கும் அறை வாசல் அப்போதுதான் திறக்கும். இடையில் போனால் சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டு வரலாம்.

இந்த மூன்றில் விடியற்காலைப் பூசையே மேல். மற்ற இரண்டுக்கும் சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கும். இலங்கை நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், ஐந்தரை மணிப் பூசை நம் உடம்புக்கு நாலு மணிக் கணக்கு. இறங்கிய மறுநாளே இதற்குத் திட்டம் போடாதீர்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், வெள்ளையாக இருந்தால் நல்லது. செருப்பை வெளியே ஒப்படைக்க வேண்டும். விடியலில் கல்தரை சில்லென்று இருக்கும்; நண்பகலில் அதே கல் காலைச் சுடும், அதனால் பையில் ஒரு ஜோடி சாக்ஸ். வாசலில் சோதனை கறாராக நடக்கும். 1998 ஜனவரி 25-இல் அங்கே லாரிக் குண்டு வெடித்தது. முகப்பு பெரிதும் சேதமாகி, பிறகு திருத்திக் கட்டினார்கள். வெளிநாட்டவருக்கு டிக்கெட் தனி விலை. தமிழில் பேசினாலும் நாம் வெளிநாட்டவர்தான், அதில் வாதம் பண்ணிப் பயனில்லை.

உள்ளே போனதும் முதலில் காதில் விழுவது மேளம். கீழ் மண்டபத்தில் மேளக்காரர்கள் அடிக்க, ஊதுகுழல் சேர்ந்துகொள்ளும். அதையே படம் பிடித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். தாமரையோ நீலோற்பலமோ வாங்கிக்கொண்டு நேரே மாடிக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். படைக்கப் போகும் பூவை முகரக் கூடாது, இது நமக்கும் தெரிந்த வழக்கம்தான். வரிசை நகர்ந்து வாசல் நேருக்கு வந்ததும் சில விநாடிகள் மட்டுமே கிடைக்கும். தெரிவது பல் அல்ல, பொன்னாலான தாகோப (ஸ்தூபி) வடிவப் பேழை. அதற்குள் பேழைக்குள் பேழையாக அடுக்கியிருக்கிறார்கள். பல்லையே மக்களுக்குக் காட்டுவது அரிது. 2025 ஏப்ரலில் காட்டியது 16 ஆண்டுகளுக்குப் பிறகு. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுக்காதீர்கள். அங்கே அது சிறு தவறு இல்லை. போலீஸ் வரை போகும்.

வெளியே வந்தால் அகழிக்கு மேலே துருத்தி நிற்கும் எண்கோண மண்டபம், பத்திரிப்புவ. மக்கள் முன் அரசன் தோன்றிய இடம். ஊரின் அடையாளப் படமே இதுதான். கட்டியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்கர் வழி அரசர் நால்வரில் கடைசி ஆள். மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்த வழியில் வந்த வம்சம் அது.

அருகில் மகுல் மடுவ என்ற மரத்தூண் மண்டபம். 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் இங்கேதான் படிக்கப்பட்டு, 2,300 ஆண்டு அரச வரிசை முடிந்தது. பலர் தூணில் சாய்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தூணின் செதுக்கலைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: ஒரே மரம், கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, பட்டையெங்கும் தாமரையிதழ். எல்லாத் தூணும் ஆதியில் இங்கே நின்றவை அல்ல. பிரிட்டிஷ் இளவரசர் வருகைக்காக மண்டபத்தை நீட்டியபோது வேறிடத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்தவையும் உண்டு.

சாலையைத் தாண்டினால் தேவாலயங்கள். பயப்படாதீர்கள், கண்டியில் தேவாலயம் என்றால் மாதா கோயில் இல்லை, தெய்வங்களின் கோயில். நாத, விஷ்ணு, பத்தினி, கதிர்காமம் என நான்கு. பத்தினி நம் கண்ணகி. நாத தேவாலயம் 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், நகரில் மிகப் பழையது. 1814-இல் எஹலேபொலவின் பிள்ளைகளை அரசன் வெட்டச் சொன்னது இந்த வளாகத்தை ஒட்டித்தான். பவுடர் மில்ஸில் கிடப்பவர் அரசனை எதிர்த்துக் கிளம்பியதற்குப் பழிவாங்கல் அது. கதிர்காம தேவாலயம் மட்டும் சற்றுத் தள்ளி, கடைத்தெருவின் நெரிசலுக்குள். காவடி எடுக்கிற குடும்பங்கள் இதை விடக் கூடாது; முருகனுக்குப் பூசை செய்பவர்கள் பிராமணக் குருக்கள். புதனும் சனியும் தேவாலயங்களில் கூட்டம் கூடும் நாட்கள்.

பத்து மணிக்கு மேல் வெயில் ஏறும். அப்போது ஓட்டோ பிடித்துப் பேராதனைப் பூங்காவுக்குப் போய்விடுங்கள், ஆறேழு கிலோமீட்டர்தான். ஏறுவதற்கு முன் விலை பேசுங்கள், அல்லது செயலியில் கூப்பிடுங்கள். "மாளிகை இன்றைக்கு மூடியிருக்கு", "இன்றைக்கு மட்டும் விசேஷப் பெரஹெர ஊர்வலம்", "வழியில் என் சொந்தக்காரரின் வாசனைப் பண்ணை" என்று எவராவது தொடங்கினால், அது கமிஷன் பேச்சு. சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பாம்ப்ளமூஸ் பூங்காவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பேராதனையில் பாதி மரம் தெரிந்த மரமாகத்தான் இருக்கும். வாழ்வில் ஒரே முறை பூத்துச் சாகும் தாளிப்பனை இரண்டிலும் உண்டு. ஆகவே அல்லிக்குளத்தில் நேரம் செலவழிக்காமல், ராஜபனை வரிசை, இரட்டைத் தேங்காய் வரிசை, புல்வெளியில் குடைபோலப் பரந்த ஜாவா அத்தி, மரமெல்லாம் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைப் பாருங்கள். 1821-இல் தொடங்கிய பூங்கா, சுமார் 147 ஏக்கர். இரண்டு மணி நேரம் போதும். உடவத்தகெலக் காட்டுக்கும் போக நினைப்பவர்கள் மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். அட்டை கடிக்கும். போயே ஆக வேண்டுமென்றால் சாக்ஸுக்குள் கால்சட்டையைச் செருகி, மேலே சோப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணிக்கு ஏரிக்குத் திரும்புங்கள். வயல்வெளியாக இருந்ததை 1807-இல் அணைகட்டி ஏரியாக்கியவன் அதே கண்ணுசாமி. சிங்களத்தில் கிரி முகுத, நம் மொழியில் பாற்கடல். சுற்றுப்பாதை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம். மாளிகைப் பக்கக் கரையில் அலையலையாக ஓடும் வெள்ளைச் சுவருக்கு மேகச் சுவர் என்று பெயர். அதில் வரிசையாக முக்கோண மாடங்கள். விழா இரவில் மாடத்துக்கு ஒரு எண்ணெய் விளக்கு. தண்ணீரில் இரண்டு மடங்காகத் தெரியும். சுவர் ஏரியைச் சுற்றி முடியவில்லை, பாதியில் நிற்கிறது. 1815-இல் அரசனைப் பிடித்து, மறு வருஷம் வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள், 1832-இல் அங்கேயே இறந்தான்.

கையில் குடை இருக்கட்டும். மழைக்கு மட்டும் இல்லை: மாலையில் கரை மரங்களில் நீர்க்காகமும் கொக்கும் அடையும், நடைபாதை வெள்ளையாகிக் கிடப்பதைப் பார்த்தாலே காரணம் புரியும். தண்ணீரோரம் முதலை போல ஒன்று ஊர்ந்தால் கபரகொய்யா, அதாவது நீர் உடும்பு. சீண்டாதவரை ஒன்றும் செய்யாது.

ஐந்து, ஐந்தரைக்குக் கண்டி நடன அரங்குகள் தொடங்கும். ஒரு மணி நேரம், கடைசியில் தீமிதி. நம் தீமிதியைப் பார்த்தவர்களுக்கு அது சின்னதாகத்தான் படும், ஆனால் மேளம் அசல். விடியற்பூசையைத் தவறவிட்டவர்கள் ஐந்து மணிக் காட்சியைப் பார்த்துவிட்டு ஆறரைப் பூசைக்கு நடந்தே போய்விடலாம்.

எசல பெரஹெர நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் நாட்களில் மட்டும் இந்தத் திட்டம் எடுபடாது. மதியமே தெருவை அடைத்துவிடுவார்கள், அறை வாடகை ஏறிவிடும்.

கொழும்புக்குத் திரும்பும் ஏசி பஸ்கள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புறப்படும். சின்ன பஸ், பெட்டி வைக்க இடம் கிடையாது. பெரிய பெட்டி என்றால் அதற்கும் ஒரு இருக்கைக் காசு கேட்பார்கள். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.