இடது கையில் பட்டை கட்டாதீர்கள் என்றால் கட்டாதீர்கள்!

வணக்கம் மக்களே. நான் கோபமாக இருக்கிறேன் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். நடைப்பயணம் நல்லபடியாக முடிந்தது, நிதியும் சேர்ந்தது. அதையெல்லாம் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கைப்பட்டை விவகாரம்.

இந்த நடை எதற்காக? டயாலிசிஸ் செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு நிதி திரட்டுவதற்காக. சரி. பதிவு மேசையில் ஒரு தம்பி இருந்தான், சிரித்த முகம், நல்ல பிள்ளை. "அக்கா, இடது கையை நீட்டுங்கள்" என்றான். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. ஒருமுறை இழுத்துப் பூட்டிவிட்டால் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், அந்த வகை. என் இடது கையைப் பற்றி இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அது என் ஃபிஸ்டுலா கை, டயாலிசிஸ் ஊசி போடுவதற்கென்றே தயார் செய்த கை.

தமனியையும் சிரையையும் அறுவை செய்து ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள். தமனியின் வேகத்தில் இரத்தம் சிரைக்குள் பாய்ந்து பாய்ந்து, அந்தச் சிரை தடித்து, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊசி தாங்கும் அளவுக்குத் தேறுகிறது. 1966இல் நியூயார்க்கில் சில மருத்துவர்கள் இந்த முறையை வெளியிட்டார்கள். இன்று வரைக்கும் ஹீமோடயாலிசிஸுக்கு, அதாவது இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிப்பதற்கு, இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் இறுக்கம் விழுந்தால் இரத்தம் உறைந்து வழியே அடைத்துக்கொள்ளலாம். ஆகவே அந்தக் கையில் கடிகாரம் கிடையாது, இரத்த அழுத்தம் பார்ப்பது கிடையாது, பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது கிடையாது, பையை மாட்டுவது கிடையாது, அந்தப் பக்கம் கையை மடக்கி வைத்துத் தூங்குவதும் கிடையாது. தினமும் காலையில் விரலை வைத்துப் பார்க்கிறேன். மடியில் பூனை படுத்து உறுமுவதைப் போல ஓர் அதிர்வு இருக்கும். அது இருந்தால்தான் எனக்கு நாள் தொடங்கும்.

"தம்பி, வலது கையில் கட்டுங்கள்" என்றேன். "இல்லை அக்கா, எல்லோருக்கும் இடது கைதான், ஸ்கேன் செய்கிறவர்கள் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள்" என்றான். காரணத்தைச் சொன்னேன். திருதிருவென்று விழித்துவிட்டு மேற்பார்வையாளரை அழைத்தான். அவர் வந்து, "இறுக்கமாகக் கட்ட மாட்டோம், கவலைப்படாதீர்கள்" என்றார். ஐயா, டயாலிசிஸ் நோயாளிகளுக்காக நடத்துகிற நடையில் டயாலிசிஸ் நோயாளியின் கை எப்படி இருக்கும் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஒரு பெரியவர் உரக்கப் பெருமூச்சு விடுகிறார். நான் அசையவில்லை. கடைசியில் பட்டையை என் பையின் வாரில் பூட்டினார்கள். ஒவ்வொரு சோதனை இடத்திலும் பையைக் கழற்றிக் காட்டிக்கொண்டே நடந்தேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். எனக்கு டயாலிசிஸ் திங்கள், புதன், வெள்ளி. நடை ஞாயிற்றுக்கிழமை. ஏன் எல்லா நடைகளும் ஞாயிற்றுக்கிழமையே வருகின்றன? மற்ற இடைவெளிகளில் நடுவே ஒரு நாள்தான். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே மட்டும் இரண்டு நாட்கள். அந்த நீண்ட இடைவெளியின் கடைசியில்தான் உடம்பில் நீரும் பொட்டாசியமும் அதிகம் சேர்ந்திருக்கும். இதயத்துக்கு ஆபத்து கூடுகிற நேரமும் அதுதான் என்று சிறுநீரக மருத்துவர்கள் எல்லோரும் எச்சரிப்பார்கள். சனிக்கிழமை வைத்தால் எங்களில் பலருக்கு வசதி. செவ்வாய், வியாழன், சனி என்று போகிறவர்களுக்கு அது ஒத்துவராது, தெரியும். அவர்களுக்குத்தான் ஞாயிறு பொருந்தும். அப்படியென்றால் ஓர் ஆண்டு சனி, ஓர் ஆண்டு ஞாயிறு என்று மாற்றி மாற்றி வையுங்களேன்!

என் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத்தான் போனேன். இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், இதயத்தின் எக்கோ எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "மெதுவாக நட, மூச்சு வாங்கினால் நில், மார்பு வலித்தால் அத்தோடு முடித்துக்கொள்" என்று அனுப்பினார். ஹீமோகுளோபின் எதற்கு என்று கேட்பீர்கள். எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யத் தூண்டுகிற எரித்ரோபோய்ட்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் கெட்டால் இரத்தசோகையும் கூடவே வந்துவிடும். நான் மேட்டில் ஏறும்போது நின்று நின்று போவதைப் பார்த்து "உடற்பயிற்சி போதவில்லை" என்று போன வீடியோவின் கீழே எழுதியவர் இதைக் கேட்டுக்கொள்ளட்டும். அதற்கு ஊசி போட்டுக்கொள்கிறேன், ஐயா.

அடுத்து, தண்ணீர். வழி நெடுக "குடியுங்கள், குடியுங்கள், நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்துக்கு நல்லது" என்று கோப்பைகளை நீட்டுகிறார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அது சரி. அவர்களுடைய சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டரை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, மிச்சம் ஒன்றிரண்டு லிட்டரைத்தான் வெளியேற்றுகின்றன. எனக்கு அந்த வெளியேற்றம்தான் ஏறக்குறைய இல்லை. குடிக்கிற ஒவ்வொரு லிட்டரும் திங்கட்கிழமை எடை பார்க்கும் இயந்திரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோவாக ஏறி நிற்கும். நீர் நீக்கிய பிறகு இருக்க வேண்டிய எடையை டிரை வெயிட் என்கிறோம். அதற்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவையும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் இழுத்தாக வேண்டும். வேகமாக இழுத்தால் காலில் தசைப்பிடிப்பு, இரத்த அழுத்தச் சரிவு. இழுக்காமல் விட்டால் நுரையீரலில் நீர். வியர்த்த அளவுக்குக் கொஞ்சம் குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அளந்து எடுத்துப் போன சின்னப் புட்டியிலிருந்து வாயை நனைத்துக்கொண்டே போனேன்.

தண்ணீரையாவது மன்னிக்கலாம். கூடவே தாது உப்புக் கலந்த பானம் கொடுத்தார்கள். அதில் பொட்டாசியம் இருக்கிறது! எங்களுக்கு அது அளவு மீறினால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெட்டுவிடும். கோப்பையில் எழுத்தும் இல்லை, மேசையில் அறிவிப்பும் இல்லை.

பக்கத்தில் நடந்துவந்த ஓர் அம்மா, பாவம், என் கால் வலியைப் பார்த்து இபுபுரோஃபென் மாத்திரையை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தக்குழாய்களை விரித்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற வேதிப்பொருட்களைத் தடுத்துவிடுகின்றன, இரத்த ஓட்டம் குறைகிறது. "டயாலிசிஸுக்கே வந்துவிட்டாயே, இனிக் கெட என்ன இருக்கிறது" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. எனக்கு இன்னும் சொட்டுச் சொட்டாகவாவது சிறுநீர் போகிறது. அந்த மிச்சம் இருக்கும் வரைக்கும் குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் தாராளம் கிடைக்கும். அதை ஒரு கால் வலிக்காகத் தொலைக்க நான் தயாராக இல்லை.

சரி, இப்போது நல்ல செய்தி. முடிவிடத்தில் மருத்துவக் கூடாரம். உள்ளே ஒரு செவிலியர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஃபிஸ்டுலா இருக்கிறதா, எந்தக் கையில்?" என்று கேட்டார். யாரைப் பார்த்தாலும் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் இரத்த அழுத்தம் பார்க்கிறார்! எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வலது கையை நீட்டினேன். அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதுகூட மறந்துபோய்விட்டது, அந்தக் கேள்வி மட்டும் நினைவிருக்கிறது. அவரைப் படம் எடுக்க அனுமதி கேட்டேன், கூச்சப்பட்டு மறுத்துவிட்டார். அதனால்தான் அந்த இடத்தில் கூடாரத்தின் கூரை மட்டும் தெரிகிறது. கேமரா கெட்டுவிட்டதா என்று கேட்காதீர்கள்.

முழுச் சுற்றையும் முடித்தேன். கடைசி ஆட்களில் ஒருத்தியாக வந்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. 2020இல் இங்கிலாந்தில் கேப்டன் டாம் மூர் என்ற முன்னாள் இராணுவ அதிகாரி, நிதி திரட்டுவதற்காக, தன்னுடைய நூறாவது பிறந்தநாளுக்கு முன்னால், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, 25 மீட்டர் நீளமுள்ள தன் தோட்டத்தை 100 முறை நடந்து கடந்தார். முதலில் எதிர்பார்த்தது 1,000 பவுண்டு. சேர்ந்தது 3 கோடி பவுண்டுக்கும் மேல். அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கொடுத்தவர்கள் கேட்டார்களா?

இதனால்தான் "கிலோமீட்டருக்கு இவ்வளவு" என்று தருகிற வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. நோயாளி நடக்கிறார் என்று தெரிந்துகொண்டே, அவர் இன்னும் ஒரு கிலோமீட்டர் போனால் இன்னும் கொஞ்சம் தருவேன் என்பது என்ன கணக்கு? தலை சுற்றும்போது நிற்க வேண்டிய ஆள், அடுத்த கல்லைத் தொட்டுவிடலாம் என்று நடப்பார். என் நிதிப் பக்கத்தில் மொத்தத் தொகை மட்டும்தான். நான் பாதி வழியில் உட்கார்ந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

இன்னொரு வேண்டுகோள். என்னை "போராளி" என்று எழுதாதீர்கள். இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறவள் யாரோடு போராடினாள்? அந்த இயந்திரத்தைப் பாராட்டுங்கள். 1943இல், போர் நடுவே, நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் தொத்திறைச்சி உறையாகப் பயன்படும் செலோஃபேன் குழாயை உருளையில் சுற்றி, நடைமுறையில் பயன்பட்ட முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்தார். பாராட்ட வேண்டுமானால் அவரைப் பாராட்டுங்கள்.

கைப்பட்டை பற்றி ஏற்பாட்டாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கழுத்தில் தொங்கவிடும் அட்டை, தண்ணீர் மேசையில் "இதில் பொட்டாசியம் உள்ளது" என்று ஒரு தாள், இரண்டே கோரிக்கை. "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. அட்டைக்கும் கயிறுக்கும் என்ன பரிசீலனை? விடமாட்டேன், மறுபடி எழுதுவேன்.

நிதிப் பக்கம் மாதக் கடைசி வரைக்கும் திறந்திருக்கும், இணைப்பு கீழே. மொத்தமாக எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். கிலோமீட்டர் கணக்கு எழுதி அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.