நற்குணம் பழக்கத்தின் பிள்ளையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். "பண்டைய கிரேக்கர் பேசிய நற்குணம் வருவது அறிவாலா, பழக்கத்தாலா?" என்பது இன்றைய தலைப்பு. பழக்கத்தால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சாக்ரடீஸை முன்னால் நிறுத்தினார். தெரிந்தே யாரும் தீமை செய்வதில்லை, நல்லது எதுவென்று உண்மையாகத் தெரிந்தவன் அதைத்தான் செய்வான், தப்பு செய்கிறவனைப் பிடித்த நோய் அறியாமை என்றார். அழகாகப் பேசினார். சாக்ரடீஸ் மேல் அவருக்கு உள்ள மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். கோபத்தில் பெற்ற தாயிடம் சுடுசொல் பேசிவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தவர்கள் இந்த அவையில் யாருமே இல்லையா? பேசும்போது அது தப்பு என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். நாக்கு பழகின வழியில் போய்விட்டது.

அரிஸ்டாட்டில் இந்த இடத்தைத்தான் பிடித்தார். சாக்ரடீஸின் மாணவர் பிளேட்டோ நடத்திய அகாடமி என்ற கல்விக்கூடத்தில் 20 ஆண்டுகள் இருந்தவர் அவர். தன் குருவின் குரு சொன்னதையே, கண்ணெதிரே நடப்பதோடு இது ஒத்துப்போகவில்லை என்று எழுதினார். கிரேக்கத்தில் 'எதோஸ்' என்றால் பழக்கம். முதல் எழுத்தை நெடிலாக்கி 'ஏதோஸ்' என்றால் குணம். குணத்தைக் குறிக்கும் சொல்லே பழக்கம் என்ற சொல்லிலிருந்து சற்றுத் திரிந்து வந்தது என்று 'நிகோமாக்கிய அறவியல்' என்ற தன் நூலின் இரண்டாம் பகுதியைத் தொடங்கும்போதே சொல்கிறார். குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தமிழ்க் காதுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். கல்லைப் பத்தாயிரம் முறை மேலே எறிந்தாலும் மேலே போவதற்கு அது பழகாது, ஏனென்றால் விழுவது அதன் இயல்பு. மனிதன் அப்படி இல்லை. வீடு கட்டிக் கட்டித்தான் கொத்தனார் ஆகிறான், யாழ் வாசித்து வாசித்துத்தான் யாழ்க் கலைஞன் ஆகிறான். நியாயமானதைச் செய்து செய்துதான் நியாயவான் ஆகிறான். பேசினால் மட்டும் போதும் என்று நினைப்பவர்களை, மருத்துவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுவிட்டு அதில் எதையும் செய்யாத நோயாளிகளோடு ஒப்பிடுகிறார்.

சரி, அரிஸ்டாட்டிலை விடுங்கள். எதிரணியின் வீட்டுக்குள்ளேயே போவோம். பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலில் சாக்ரடீஸே ஒரு தகப்பனையும் பிள்ளையையும் காட்டுகிறார். தகப்பன் தெமிஸ்டோகிளிஸ், ஏதென்ஸைக் காத்த தலைவர். பிள்ளை கிளியோபாண்டஸ் குதிரையின் மேல் நின்றுகொண்டே ஈட்டி எறிவான். ஆனால் தகப்பனைப் போல நல்லவன், அறிவாளி என்று அவனைச் சொன்னவர் எவரும் இல்லை. சொல்லிக்கொடுத்து வருவதென்றால் அந்தத் தகப்பன் சொல்லாமலா இருந்திருப்பார்? குதிரையின் மேல் நிற்பதுகூட, ஏறிப் பழகிய பிறகல்லவா வந்திருக்கும்?

அப்புறம் அல்சிபியாடஸ், சாக்ரடீஸோடு பழகிய ஏதென்ஸ் தலைவர். சாக்ரடீஸின் பேச்சைக் கேட்டால் தனக்கு வெட்கம் வருகிறது, இந்த வாழ்க்கை வேண்டாம் என்றே தோன்றுகிறது, ஆனால் அவரை விட்டு நகர்ந்ததும் கூட்டத்தின் புகழுக்கு மயங்கிவிடுகிறேன் என்று பிளேட்டோவின் 'விருந்து' நூலில் அவரே சொல்கிறார். தெரிந்தது, ஆனால் நிற்கவில்லை. கி.மு. 415இல் ஏதென்ஸின் சிசிலிப் படையெடுப்பின்போது வழக்குக்கு அழைத்தார்கள் என்றதும் தப்பிப் போய், எதிரி நாடான ஸ்பார்டாவுக்கே ஆலோசனை சொன்னார். சாக்ரடீஸோடு பழகிய இன்னொருவர் கிரிட்டியாஸ். கி.மு. 404இல் ஏதென்ஸை ரத்தத்தில் நனைத்த முப்பது கொடுங்கோலர்களில் முன்னால் நின்றவர் அவர்.

இந்த இரண்டு பேருக்கும் என்ன ஆயிற்று? சாக்ரடீஸை நேரில் அறிந்த செனபோன் விளக்கம் தருகிறார். உடம்பைப் பயிற்றாதவனால் உடம்பின் வேலைகளைச் செய்ய முடியாதது போல, மனதைப் பயிற்றாதவனால் மனதின் வேலைகளைச் செய்ய முடியாது. ஆசானோடு இருந்தவரை கட்டுப்பாடு இருந்தது, பயிற்சி விட்டதும் அது போயிற்று. நடுவர் அவர்களே, இதைச் சொல்பவர் எங்கள் அணிக்காரர் இல்லை, சாக்ரடீஸின் அன்பர்.

எதிரணியிலிருந்து ஒரு நல்ல கேள்வி வந்தது. நியாயமான செயலைச் செய்கிறவன் ஏற்கெனவே நியாயவான்தானே, பிறகு பழகி ஆவது எப்படி என்றார்கள். குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைக்கிறோம். எழுத்து சரியாக வருகிறது, ஆனால் அது குழந்தையின் எழுத்து ஆகிவிடாது. அரிஸ்டாட்டிலும் எழுத்தையே உதாரணம் காட்டுகிறார். தெரிந்து செய்வது, அந்தச் செயலுக்காகவே தேர்ந்து செய்வது, அசையாத குணத்தில் நின்று செய்வது என்று மூன்று நிபந்தனை வைக்கிறார். அந்த மூன்றில், நற்குணத்துக்கு 'தெரிந்திருத்தல்' கொஞ்சமும் உதவாது, அல்லது மிகச் சிறிதே உதவும், மற்ற இரண்டும்தான் எல்லாம் என்கிறார். அவையிரண்டும் வருவது திரும்பத் திரும்பச் செய்வதால். எந்த இடத்தில் எது சரி என்று அறியும் நடைமுறை விவேகம் வேண்டும் என்றும் அவர் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். உண்மைதான். நல்லவனாக இல்லாதவனுக்கு அந்த விவேகமே வாய்க்காது என்பதும் அவர் சொன்னதுதான்.

கடைசியாக, எதிரணி கண் கலங்க வைத்த அந்த நஞ்சுக் கோப்பை. கி.மு. 399, சாக்ரடீஸுக்கு 70 வயது. மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருக்கிறார். தப்பித்துப் போக நண்பர் கிரிட்டோ எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு வந்து கூப்பிடுகிறார். அவர் போகவில்லை. நல்லது எதுவென்று தெரிந்ததால் போகவில்லை என்றார்கள். அதற்கு முன்னால் அந்தக் கால்கள் எங்கெல்லாம் நின்றன என்று பாருங்கள். பொடிடேயா நகரை ஏதென்ஸ் படை முற்றுகையிட்டபோது, மற்றவர்கள் கம்பளியைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்த உறைபனியில், வெறுங்காலோடு நடந்தன. கி.மு. 424இல் டீலியம் போரில் ஏதென்ஸ் படை சிதறி ஓடியபோது, அவர் நிதானமாகச் சுற்றிலும் பார்த்துக்கொண்டே பின்வாங்கினார் என்று நேரில் கண்ட அல்சிபியாடஸ் சொல்வதாக அதே 'விருந்து' நூலில் இருக்கிறது. டீலியத்தில் ஓடாத கால்கள், 25 வருஷம் கழித்துச் சிறையிலிருந்தும் ஓடவில்லை.