சிரிக்கிற வில்லனும் பெயர் போடாத எழுத்தாளரும்

தலைவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் இந்தக் கூடத்தைத் திறந்துகொடுத்த நூலகர் அம்மா அவர்களே, அழைப்பிதழை இலவசமாக அடித்துக்கொடுத்த அச்சக அண்ணன் அவர்களே, வேறொரு நிகழ்ச்சியை ஒத்திவைத்துவிட்டு வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுத்து, இன்றைக்கு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். ஐயா முன்வரிசைக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸின் வில்லன்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். வில்லன் எப்படிப் பிறந்தான், 1954இல் அவன் கையை எப்படிக் கட்டினார்கள், பெண் வில்லன்கள் ஏன் தனி ரகம்.

என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி: வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். நல்ல வில்லனுக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது. சூப்பர்மேனைப் பாருங்கள், பறப்பான், குண்டு துளைக்காது. அவனுக்கு எதிரே 1940இல் கொண்டுவந்து நிறுத்திய லெக்ஸ் லூதரிடம் மூளையைத் தவிர ஒன்றும் இல்லை. முதலில் அவன் தலையில் சிவப்பு முடிகூட இருந்தது, மொட்டைத் தலை பிறகுதான் வந்தது.

ஆனால் ஜோக்கர் கதையைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். 1940, பேட்மேன் முதல் இதழ். வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, திடீரென்று ஒரு குரல் குறுக்கே வருகிறது. இன்றிரவு சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஹென்றி கிளாரிட்ஜைக் கொல்லப்போகிறேன், அவருடைய வைரத்தையும் எடுத்துக்கொள்வேன் என்கிறது. கேட்டவர்கள் பாதிப்பேர் இது நாடகம் என்று நினைக்கிறார்கள். கிளாரிட்ஜ் போலீசைக் கூப்பிடுகிறார், வீட்டைச் சுற்றி ஆட்கள், அவர் பக்கத்திலேயே காவலர்கள், ஒரு ஈகூட உள்ளே போக முடியாது. கடிகாரம் அடிக்கிறது. மனிதர் அப்படியே சரிகிறார், செத்த முகத்தில் காதுவரை இழுத்த சிரிப்பு! வைரத்தைத் திறந்து பார்த்தால் அது கண்ணாடி. யாருமே உள்ளே வரவில்லையே, எப்படி? முந்தின நாளே அவர் தூங்கும்போது வந்து விஷ ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறான், இருபத்து நான்கு மணி நேரம் கழித்து வேலை செய்கிற விஷம். வைரத்தையும் அப்போதே மாற்றிவிட்டான். ஊரே வாசலைக் காத்துக்கொண்டிருக்கிறது, திருடன் வந்துவிட்டுப் போய் ஒரு நாள் ஆகிவிட்டது. துப்பாக்கி வேண்டாம், ஒரு ஊசி போதும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்!

அதே இதழின் கடைசிக் கதையில் அவன் கத்தியே அவன் நெஞ்சில் பாய்கிறது, அதோடு முடிவு என்றுதான் எழுதினார்கள். ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் பார்த்தார், இப்படி ஒருவனை முதல் இதழிலேயே கொல்வதா என்று, இவன் பிழைத்துவிடுவான் என்று மருத்துவர் சொல்வதாக ஒரு கட்டம் சேர்க்க வைத்தார். அந்த ஒரே ஒரு கட்டத்தால் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஜோக்கர் உயிரோடு இருக்கிறான்.

சரி, இதை எழுதியது யார்? எழுதியவர் பில் ஃபிங்கர். எங்கே எது கண்ணில் பட்டாலும் குறிப்பேட்டில் குறித்துவைத்து அதிலிருந்து கதை செய்கிற மனிதர், அவருக்கு அந்தக் குறிப்பேடுதான் புல். பதின்வயதில் ஓவிய உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த ஜெர்ரி ராபின்சன் ஜோக்கர் சீட்டு ஒன்றை வரைந்துகொண்டு வந்தார் என்கிறார்கள். ஜோக்கர் முகத்துக்கு மாதிரியாக, கான்ராட் வைட் என்ற நடிகர் சிரிக்கும் புகைப்படத்தைக் காட்டியவர் ஃபிங்கர். ஆனால் பேட்மேன் என்றால் ஒரே பெயர்தான் அச்சானது, ஓவியர் பாப் கேன். ஒப்பந்தம் அப்படி. ஃபிங்கர் 1974இல் இறந்துபோனார். பேத்தியும் ஒரு எழுத்தாளரும் விடாமல் போராடிய பிறகு, 2015இல்தான் அவர் பெயரைச் சேர்க்க, பேட்மேனை வெளியிடும் டி.சி. நிறுவனம் ஒப்புக்கொண்டது. நாற்பத்தொரு ஆண்டுகள்! எனக்கு இதைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சூப்பர்மேனையும் லூதரையும் உருவாக்கிய சீகலும் ஷஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு உரிமையை விட்டுக்கொடுத்தவர்கள். முதுமையில் கஷ்டப்பட்ட அவர்களுக்காக 1975இல் குரல் கொடுத்தவர்களில் இதே ஜெர்ரி ராபின்சனும் இருந்தார். ஓய்வூதியமும் கிடைத்தது, பெயரும் திரும்பி வந்தது. கேட்டதால்தான் கிடைத்தது.

1954 விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று அமெரிக்க செனட் துணைக்குழு விசாரித்தது, அதே ஆண்டு பதிப்பாளர்களே ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தார்கள், எப்போதும் நன்மையே வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டனை பெற வேண்டும் என்று. கொலைகாரனாக இருந்த ஜோக்கர் அந்தக் காலத்தில் சேட்டைக்காரனாகிவிட்டான். எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னீட்டோ 1963இல் வந்தபோது வெறும் வெறியன். 1981இல் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் அவனுக்கு ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் கழிந்த குழந்தைப்பருவத்தைக் கொடுத்தார், அப்புறம் அவனை வெறுப்பது எளிதாக இல்லை. பெண் வில்லன்கள் பற்றி, பேட்மேனை எதிர்க்கும் திருடி கேட்வுமனும் ஜோக்கர் வந்த அதே 1940 இதழில்தான் பிறந்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்.

எனக்கு முக்கியமான ஒன்றைக் கேட்டுவிட்டு இறங்குகிறேன். போன ஆண்டு வாசகர் வட்டத்து ஓவியக் கண்காட்சியில் சுவரெல்லாம் வில்லன்கள், ஒரு படத்துக்குக் கீழேகூட எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ இல்லை. காமிக்ஸ் வாங்கினால் பதிவேட்டில் இருவர் பெயரையும் எழுத வேண்டும், அடுத்த மாதக் கண்காட்சியில் ஒவ்வொரு படத்துக்கும் அடியில் எழுத வேண்டும். நூலகர் அம்மா அவர்களிடம் கொடுக்க மனு தயாராக இருக்கிறது, வாசல் மேசையில் பேனாவோடு வைத்திருக்கிறேன். பிள்ளைகளும் கையெழுத்துப் போடலாம், முழுப் பெயரையும் எழுதுங்கள்.