கரண்ட் விற்கிறவர்களே "குறைவாகச் செலவழியுங்கள்" என்ற ஊர்

வணக்கம் மக்களே. நான் இப்போது பர்லிங்டனில், சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் நிற்கிறேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலேயே பெரிய ஊர் இதுதான், ஆனால் மக்கள்தொகை ஏறக்குறைய 45 ஆயிரம்தான். இங்கே கரண்ட் தருவது தனியார் கம்பெனி இல்லை. 1905இலிருந்து நகரமே சொந்தமாக ஒரு மின்துறை நடத்துகிறது.

பின்னால் ஒரு பெரிய இரும்புச் சட்டம் தெரிகிறதா? அது மோரன், பழைய நிலக்கரி மின்நிலையம். 1986இல் மூடினார்கள். சுவரையெல்லாம் உரித்துவிட்டு, சட்டத்தை மட்டும் பூங்காவாக்கிவிட்டார்கள். கேமராவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

2014இல் வினூஸ்கி ஆற்றிலுள்ள நீர்மின் நிலையத்தை நகரம் வாங்கியது. உடனே "நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம்" என்று எல்லாச் செய்தியிலும் இந்த ஊர்தான். சரி, அந்த நூறில் பெரிய பங்கு எங்கிருந்து வருகிறது? மெக்நீல் என்ற 50 மெகாவாட் நிலையத்திலிருந்து. அதில் பாதி நகரத்துக்குச் சொந்தம். 1984இலிருந்து அங்கே எரிவது மரச்சில்லு. வெட்டிய மரம் திரும்ப வளர்ந்து புகையை ஈடுகட்டிவிடும் என்கிறார்கள். வளர எத்தனை வருஷம் ஆகும் என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். என் ஓட்டு அந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்குத்தான். அதோடு, மெக்நீலின் பசுமைச் சான்றிதழ்களை (இவ்வளவு கரண்ட் புதுப்பிக்கத்தக்கது என்பதற்கான, கரண்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்கக்கூடிய சான்று) பக்கத்து மாநிலங்களுக்கு நல்ல விலைக்கு விற்றுவிட்டு, மலிவான வேறு சான்றிதழ்களை வாங்கிக் கணக்கை நேர்செய்கிறார்கள். சட்டப்படி தப்பே இல்லை, அந்தக் காசு கட்டணத்தையும் தாங்கிப்பிடிக்கிறது. ஆனால் இந்த விவரம் தலைப்புச் செய்தியில் வராது.

நான் அசந்தது வேறு கதைக்கு. 1990இல் ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு 1.13 கோடி டாலர் கடன்பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள். புது மின்நிலையம் கட்டவா? இல்லை, கரண்ட் செலவைக் குறைக்க! விளக்கை மாற்று, தண்ணீர் ஹீட்டரைச் சரிசெய், கடைகளுக்குச் சிக்கனமான மோட்டார் கொடு என்று இறங்கினார்கள். கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்தால், ஊரின் மொத்த மின்செலவு 1989இல் இருந்ததைவிடக் குறைவு. லாபத்துக்கு நடக்கிற கம்பெனிக்கு யூனிட் குறைந்தால் வயிறு எரியும். இங்கே முதலாளியும் பில் கட்டுகிறவரும் ஒரே ஆள்தானே!

இப்போது கதை திரும்பியிருக்கிறது. 2030க்குள் வீட்டுச் சூடு, போக்குவரத்து எல்லாவற்றிலும் பெட்ரோலையும் எரிவாயுவையும் விட்டொழிப்பது இலக்கு. அதனால் அதே துறை "கரண்டுக்கு மாறுங்கள்" என்று மானியம் தருகிறது: ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தைக் கரண்டால் இழுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி), மின்கார், மின்சைக்கிள், புல்வெட்டும் இயந்திரம் வரை. ஊரின் கரண்ட் தேவை குறைவாக இருக்கும் நேரத்தில் காரைச் சார்ஜ் செய்தால் கட்டணமும் குறைவு.

சிக்கல் வாடகைக்காரர்களுக்கு. இங்கே பாதிப் பேருக்கு மேல் வாடகை வீடுதான். ஹீட் பம்புக்குப் பணம் போட வேண்டியவர் வீட்டுக்காரர், குளிர்கால பில்லைக் கட்டுகிறவர் பெரும்பாலும் குடியிருப்பவர். பில் மிச்சம் தனக்கு வராதபோது வீட்டுக்காரர் எதற்காகப் பணம் போடுவார்? எந்த மானியத்தையும் பார்க்கும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால், உங்கள் ஊரில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.