ரேஸுக்கு வண்டி இறக்கப் போகிறீர்களா? முதலில் கிளாஸைப் பாருங்கள்

வணக்கம் மக்களே! நம்ம டெல்டாவிலிருந்து செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ரேஸ் பார்க்கப் போகிறவர்கள் பலர், இப்போது சொந்த வண்டியையே இறக்க ஆசைப்படுகிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் வண்டியில் கை வைப்பதற்கு முன்னாலேயே அது எந்த கிளாஸில், அதாவது எந்தப் போட்டிப் பிரிவில், வரும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள்.

வண்டி என்ன விலை, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் இதில் சேராது. முதலில் சிசி, அதாவது எஞ்சின் கொள்ளளவு. அப்புறம், என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பது. உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வின் பட்டியலில் 1,150 சிசிக்கு மேல் 1,400 வரை ஒரு கிளாஸ், 1,600 வரை அடுத்தது, 2,000 வரை அதற்கும் அடுத்தது.

மன்னார்குடித் தம்பி ஒருவர், "அண்ணே, என் ஐ20 டர்போ ஆர்சி புக்கில் 998 சிசிதானே, சின்ன கிளாஸ்தானே?" என்று கேட்டார். இல்லை தம்பி. டர்போ இருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்கு 1.7, டீசலுக்கு 1.5 ஆல் பெருக்க வேண்டும். உங்கள் 998, கணக்கில் சுமார் 1,697 ஆகிவிடும், 2,000 கிளாஸ். பழைய ஸ்விஃப்ட் டீசல் 1,248 சிசி, அதுவும் 1,872 ஆகி அங்கேயே வந்து நிற்கும். டர்போ இல்லாத 1,197 சிசி பெட்ரோல் ஸ்விஃப்ட்தான் 1,400-க்குள் இருக்கும். என்னைக் கேட்டால் நியாயமான கணக்குதான். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், சின்ன எஞ்சினும் பெரிய எஞ்சின் அளவுக்குப் பெட்ரோலை எரித்து வேலை செய்கிறது.

இப்போது இதைக் கிட்டத்தில் பாருங்கள். கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறை. மேசையில் இருப்பது ஃபோர்டு ஐகான் 1.6 காரின் எஞ்சின் பிளாக். சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கிறது, விரல் வைத்தால் நகம் தட்டுகிறது. மேஸ்திரி உள்விட்டம் அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவில், கீழே என்று அளக்கிறார். புதிதாக இருந்தபோது போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 82.07 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம், 75.48. போரை போரால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, 0.7854 ஆலும் நான்கு சிலிண்டராலும் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 1,597 சிசி. எல்லைக்கு மூன்று சிசிதான் பாக்கி! கோடு விழுந்த சுவரைக் கடைந்து, அரை மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் சுமார் 1,617. வண்டி 2,000 கிளாஸுக்குத் தாவிவிடும். அதிகம் மாற்றாத தயாரிப்புக் கார்களுக்கான எஃப்ஐஏ-வின் குரூப் என் விதி 0.6 மி.மீ. வரை ரீபோர் செய்ய, அதாவது போரைப் பெரிதாக்க, விடுகிறது, ஆனால் கிளாஸ் எல்லையைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. இந்த பிளாக்கில் அதற்கு இடமே இல்லை. சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது உலோகக் குழாயைப் போட்டு ஸ்டாண்டர்டு பிஸ்டனுக்கே திரும்புவதுதான் வழி, அதையும் அதே விதி அனுமதிக்கிறது. செலவு கூடத்தான் ஆகும், ஆனாலும் 400 சிசி கூடுதலாக இருக்கும் வண்டிகளோடு மோதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நம்ம நாட்டுப் போட்டிகளுக்கு இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐ-யின் விதிகள், அதோடு அந்தந்தப் போட்டிக்கு வரும் சப்ளிமென்டரி ரெகுலேஷன் என்ற தனி விதித்தாள். கிளாஸ் பிரிப்பு போட்டிக்குப் போட்டி மாறும், அதனால் அந்தத் தாளில் இருப்பதுதான் செல்லும். அதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். பிளாக்கைப் பிரிக்கும்போதே போர், ஸ்ட்ரோக் இரண்டையும் மேஸ்திரியிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரேஸ் முடிந்து சந்தேகம் வந்தால் எஞ்சின் ஹெட்டைக் கழற்றி அளப்பார்கள்.