ஒன்பது சானல், ஒன்பது வெப்பநிலை

நேயர்களுக்கு வணக்கம்.

850 டிகிரி செல்சியஸில் ஓடும் ஒரு ஹீட் ட்ரீட்மெண்ட் உலை. உள்ளே சூடு சீராகப் பரவுகிறதா என்று பார்க்க, எட்டு மூலைகளிலும் நடுவிலுமாக ஒன்பது தெர்மோகப்பிள்களை (இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்த வெப்ப உணரிகள்) வைத்து, அளவுகளைப் பதியும் டேட்டா லாகரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சானலாக இணைத்திருக்கிறோம். ஏழாவது சானல் மட்டும் 6 டிகிரி குறைவாகக் காட்டுகிறது. உடனே பர்னரில் கை வைக்காதீர்கள். முதலில் லாகரில் ஒயர் பொருத்தும் டெர்மினலைப் பாருங்கள்.

உலைக்குள் இருக்கும் முனைக்கும் டெர்மினலில் இணையும் முனைக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டைத்தான் தெர்மோகப்பிள் மின்னழுத்தமாகத் தருகிறது. குரோமெல், அலுமெல் என்ற இரு உலோகக் கலவைக் கம்பிகளால் ஆன கே வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். டெர்மினல் எவ்வளவு சூடு என்பதை அங்குள்ள ஒரு சிறு சென்சார் அளந்து சொல்ல, கருவி அதைக் கூட்டிக்கொள்கிறது. பல சானல் கருவிகள் பலவற்றில் இந்த சென்சார் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பவர் சப்ளைக்குப் பக்கத்து டெர்மினல், சென்சார் இருக்கும் இடத்தைவிட 3 டிகிரி சூடாக இருந்தால், அந்தச் சானல் ஏறக்குறைய 3 டிகிரி குறைத்துக் காட்டும். மின்விசிறிக் காற்று நேராகப் பட்டாலும், லாகரை உலைச் சுவரை ஒட்டி வைத்தாலும் இதே கோளாறுதான். டெர்மினல் மூடியைக் கழற்றிவிட்டு அளவெடுப்பது பலருக்குப் பழக்கம். அந்த மூடி தூசிக்காக மட்டும் வைத்ததல்ல, காற்றுப் படாமல் டெர்மினல்களை ஒரே சூட்டில் வைப்பதும் அதன் வேலை. கருவியை ஆன் செய்து அரை மணி நேரமாவது விட்டு அளவெடுங்கள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள். ஒவ்வொரு சானலின் இரு டெர்மினல்களையும் சிறு செம்புக் கம்பியால் ஷார்ட் செய்தால், எல்லாச் சானலும் டெர்மினலின் சூட்டையே காட்ட வேண்டும். விலகுகிற சானலில் மின்சுற்றுப் பிழை இருக்கிறது. ஆனால் டெர்மினல்களுக்கு இடையிலான சூட்டு வித்தியாசம் இதில் தெரியாது. அதற்கு ஐஸ் வேண்டும். தெர்மாஸ் குடுவையில் பொடித்த ஐஸை அடிவரை நிரப்பி, இடைவெளி நிறையுமளவு மட்டும் காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். நீர் அதிகமாகி ஐஸ் மிதந்தால் அடியில் 4 டிகிரி நீர் தங்கிவிடும். ஒரே சுருளில் வெட்டிய ஒன்பது தெர்மோகப்பிள்களையும் சேர்த்துக் கட்டி 15 சென்டிமீட்டராவது உள்ளே இறக்குங்கள். மாறுபடும் சானலின் தெர்மோகப்பிளை வேறு சானலோடு மாற்றிப் போடுங்கள். பிழை கூடவே போனால் ஒயரில் கோளாறு, இடத்திலேயே நின்றால் கருவியில்.

ஒயர் என்றதும் நிறக் குழப்பம் வரும். அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். ஐஈசி என்ற சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சிவப்பு என்றாலே பிளஸ் என்று எண்ணி, தெர்மோகப்பிளை லாகர் வரை நீட்டும் எக்ஸ்டென்ஷன் ஒயரை இரு முனையிலும் மாற்றிப் பொருத்திவிடுகிறார்கள். தெர்மோகப்பிளும் எக்ஸ்டென்ஷன் ஒயரும் சேரும் இணைப்புத் தலை 60 டிகிரி, லாகர் 30 டிகிரி என்றால், இரு மடங்காக சுமார் 60 டிகிரி குறைந்து காட்டும். சந்தேகம் வந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள்: மைனஸ் கம்பியான அலுமெல் ஒட்டும், குரோமெல் ஒட்டாது.

தெர்மோகப்பிள் அறுந்துவிட்டதா என்று அறிய லாகர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் பிழை தரும். 0.2 மில்லிமீட்டர் கே ஒயர் ஜோடியின் தடை மீட்டருக்கு 30 ஓமுக்கு மேல். 10 மீட்டர் ஓடினால் 300 ஓம். அதில் 100 நானோ ஆம்பியர் பாய்ந்தால் 30 மைக்ரோவோல்ட், அதாவது முக்கால் டிகிரி. நீளம் வேறுபட்டால் சானலுக்குச் சானல் இந்தப் பிழையும் வேறுபடும். நீண்ட தூரத்துக்குத் தடித்த ஒயர் போடுங்கள்.

மின்சார இரைச்சலைக் குறைக்க ஒவ்வொரு சானலையும் 20 மில்லி செகண்ட் அல்லது அதன் மடங்குகளில் அளக்கச் சொல்லுங்கள், 50 ஹெர்ட்ஸ் மின்சார அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். முனைகள் உலோகத்தைத் தொட்டிருந்தால், சானல்களுக்கு இடையே மின்தொடர்பு இல்லாமல் தனிமைப்படுத்திய கருவிதான் சரி.

இன்னொன்று. மின்னழுத்தம் முனையில் பிறப்பதில்லை, சூடு மாறும் ஒயர்ப் பகுதி முழுவதிலும் பிறக்கிறது. உலையில் பல நாள் கிடந்த கே ஒயரில் அந்தப் பகுதிதான் கெடும். அதை வெளியே எடுத்துச் சோதனை உலையில் வேறு ஆழத்தில் இறக்கினால், கெட்ட பகுதி ஒரே சூட்டில் நின்றுவிடும், தெர்மோகப்பிள் சரியாகவே இருப்பதுபோல் காட்டும். அதனால் பழைய தெர்மோகப்பிளைக் கழற்றாமல், அதன் பக்கத்தில் அதே ஆழத்தில் புதிய ஒன்றை இறக்கி ஒப்பிடுங்கள்.